வெள்ளி நரி லெஸ்டர் பாட்ரிக்

ஐஸ் ஹாக்கி அபிமானிகள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இரண்டு சண்டைகள் நிச்சயம். ஒன்று, பழைய பகைகளில் எது பெரிது என்பது. 1972-ல் கனடாவும் ரஷ்யாவும் எட்டுப் பந்தயங்கள் மோதிக்கொண்டனவே, அதுவா? அல்லது 1980-ல் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் ரஷ்யர்களைக் கவிழ்த்தார்களே, அதுவா? மற்றொரு சண்டை, லீகில் புதுக் கோஷ்டிகளைச் சேர்க்கலாமா, கூடாதா என்பது. பனியே விழாத ஊரில் பனி ஆட்டத்துக்கு என்ன வேலை, இருக்கிற நல்ல ஆட்டக்காரர்களை நாற்பது ஊருக்குப் பங்கு போட்டால் ஆட்டம் நீர்த்துப் போகாதா என்று கேட்பது ஒரு கட்சி. ஆட்டம் எவருடைய பரம்பரைச் சொத்தும் அல்லவே, டிக்கெட் வாங்க ஆள் இருக்கிற இடமெல்லாம் போகட்டும் என்பது மறு கட்சி. 2017-ல் பாலைவன நகரமான லாஸ் வேகாஸுக்கு ஒரு கோஷ்டி கிடைத்தபோது இந்தச் சண்டை மூண்டது. 2021-ல் ஸியாட்டில் நகரம் 32-வது கோஷ்டியாக லீகில் நுழைந்தபோது மறுபடியும் மூண்டது.

இந்த வழக்குக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் ஒரே மனிதர் நின்ற வேடிக்கையும் நடந்திருக்கிறது. குளம் உறையாத கடற்கரையில் குழாய் பதித்து ஐஸ் உண்டாக்கி, ஒரு லீகையே அவர் கட்டினார். பதினைந்து வருஷங்கள் கழித்து அந்த லீகை அவருடைய குடும்பமே விற்றது. விற்ற கையோடு நியூயார்க் போய், ஹாக்கி என்றால் என்னவென்று அறியாத ஜனங்களுக்கு அதைப் பழக்கினார். தலை வெள்ளி போல் நரைத்திருந்ததாலும், மூளை நரியைப் போல் வேலை செய்ததாலும் பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வெள்ளி நரி என்று பெயர் வைத்தார்கள். லெஸ்டர் பாட்ரிக் என்பது அவருடைய சொந்தப் பெயர்.

நம் வாசகர்களில் பலர் புல் தரை ஹாக்கியைப் பார்த்திருப்பார்கள். ஐஸ் ஹாக்கிக்கும் அதற்கும் மட்டைதான் உறவு. பந்துக்குப் பதில் கனமான ரப்பர் வட்டு. காலில் கத்தி பொருத்திய சறுக்குக் காலணி. இப்போது பக்கத்துக்கு ஆறு பேர். பாட்ரிக்கின் வாலிபத்தில் ஏழு பேர். வேகத்தில் புல் தரை ஆட்டம் இதன் பக்கத்தில் வர முடியாது. மோதிக் கீழே தள்ளுவதும் இங்கே குற்றமாகாது; அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி.

மரவாடி வீட்டுப் பிள்ளைகள்

1883-ம் வருஷத்தின் கடைசி நாட்களில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிரம்மண்ட்வில் என்ற ஊரில் லெஸ்டர் பிறந்தார். தகப்பனார் ஜோசப் பாட்ரிக் மர வியாபாரி. லெஸ்டருக்கு இரண்டு வயது இளையவர் ஃபிராங்க். இந்தத் தம்பியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் செய்ததாக உலகம் புகழும் காரியங்களில் பாதிக்கு மேல் தம்பியின் தலையில் உதித்தவை. குடும்பம் மாண்ட்ரீல் நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும், பிள்ளைகள் இருவரும் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே உறைந்த ஐஸின் மேல் வளர்ந்தார்கள்.

லெஸ்டர் மக்கில் சர்வகலாசாலையில் சேர்ந்தார். படிப்பில் மனம் ஓடவில்லை. சீக்கிரமே விட்டுவிட்டு மேற்கே கிளம்பினார். 1904-ல் பிராண்டன் என்ற சிற்றூரின் கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்தார். அக்காலத்தில் தற்காப்பு ஆட்டக்காரன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எதிரியிடமிருந்து வட்டைப் பிடுங்கித் தூக்கி முன்னே அடித்துவிட்டு, தன் இடத்தில் நிற்க வேண்டும். லெஸ்டர் நிற்கவில்லை. வட்டைத் தானே எடுத்துக்கொண்டு எதிரியின் கோல்வரை பறந்தார். பார்த்தவர்களுக்குச் சமையற்காரனே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் போலிருந்திருக்கும்! ஆனால் கோல் விழுந்ததே, அதை யார் மறுப்பது?

1906 மார்ச்சில், இருபத்திரண்டாம் வயதில், அவருடைய பெயர் கனடா முழுவதும் பரவியது. ஸ்டான்லி கோப்பை என்று ஒரு கோப்பை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் கொடுத்தது. அதை மூன்று வருஷங்களாக விடாமல் வைத்திருந்தது ஆட்டவா நகரத்துக் கோஷ்டி. லெஸ்டர் அப்போது மாண்ட்ரீல் வாண்டரர்ஸ் கோஷ்டியில் இருந்தார். இரண்டு பந்தயங்கள், இரண்டின் கோல்களையும் கூட்டி எவருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை. முதல் பந்தயம் மாண்ட்ரீலில். வாண்டரர்ஸ் 9-1 என்று ஜயித்தது. கோப்பை கைக்கு வந்துவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள். இரண்டாவது பந்தயம் ஆட்டவாவில். என்ன ஆயிற்று? ஆட்டவா கோல்மேல் கோலாகப் போட்டு, 9-1 என்று முன்னே நின்றது! கூட்டிப் பார்த்தால் பத்துக்குப் பத்து. சொந்த ஊர் ஜனங்கள் கூரை பிளக்கக் கூச்சலிட்ட அந்தச் சமயத்தில், நேரம் முடியப் போகிற தறுவாயில், லெஸ்டர் இரண்டு கோல்கள் அடித்தார். மொத்தத்தில் 12-10. ஆட்டவாவின் ஆட்சி அன்றோடு முடிந்தது.

மறு வருஷம் தகப்பனார் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலைக்காட்டில், நெல்ஸன் என்ற ஊரில், மரம் அறுக்கும் தொழிலை ஆரம்பித்தார். லெஸ்டரும் மட்டையை வைத்துவிட்டு அங்கே போனார். பிறகு ஃபிராங்கும் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஆனால் ஹாக்கி விடவில்லை. கிழக்கே ரென்ஃப்ரூ என்று ஒரு சிறிய ஊர். சுரங்கமும் ரயில்வே காண்டிராக்டும் நடத்திய ஓப்ரியன் என்ற லக்ஷாதிபதியின் ஊர் அது. 1909 முடிவில் அந்த ஊர்க் கோஷ்டி பெரிய லீகில் சேர இடம் கேட்டது. சின்ன ஊருக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தினார்கள். லக்ஷாதிபதியின் மகன் சும்மா இருப்பாரா? வெளியே தள்ளப்பட்ட வாண்டரர்ஸையும் கூட்டிக்கொண்டு சொந்தமாகவே ஒரு புது லீக் ஆரம்பித்தார். மாண்ட்ரீலின் பிரெஞ்சு ஜனங்களுக்காக அதில் ஒரு கோஷ்டியை உண்டாக்கினார். அதுதான் இன்றும் ஆடிவருகிற, மற்ற எவரையும்விட அதிக முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற கனடியன்ஸ் கோஷ்டி. ஒரு சின்ன ஊரை வேண்டாம் என்று சொன்னதன் பலன் இது! புதுக் கோஷ்டிகளை எதிர்க்கிற கட்சியார் இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலும் சொல்லுவதில்லை.

ரென்ஃப்ரூ அந்தப் பருவத்துக்கு லெஸ்டருக்கு 3,000 டாலரும் ஃபிராங்குக்கு 2,000 டாலரும் கொடுத்தது. ஸைக்ளோன் டெய்லர் என்ற சூறாவளி ஆட்டக்காரருக்கு அதற்கும் மேல். இத்தனை கொட்டியும் கோப்பை கிடைக்கவில்லை. சகோதரர்கள் மட்டும் ஒரு பாடத்தோடு திரும்பினார்கள்: நல்ல ஆட்டக்காரன் பணம் இருக்கும் இடத்துக்கு வருவான், எந்த ஊர் என்று பார்க்க மாட்டான்.

உறையாத ஊரில் ஐஸ்

1911-ல் ஜோசப் பாட்ரிக் தம் மரத்தொழிலை விற்றார். கிடைத்தது சுமார் 4,40,000 டாலர். அந்நாளில் அது பெரிய ஆஸ்தி. இனி என்ன செய்யலாம் என்று குடும்பம் கூடி யோசித்தது. பசிபிக் கடற்கரையில் ஹாக்கி லீக் ஒன்று ஏற்படுத்தலாம் என்று ஃபிராங்க் யோசனை சொன்னார். அண்ணன் லெஸ்டர் முதலில் தயங்கியதாகச் சொல்வார்கள். தயங்கினதில் ஆச்சரியம் இல்லை. வான்கூவரில் அப்போது ஜனத்தொகை லட்சம். தீவின் முனையில் இருந்த விக்டோரியாவில் முப்பதாயிரம் சொச்சம். இரண்டு ஊரிலும் குளிர்காலம் என்றால் மழைக்காலம். ஆட்டத்துக்கு வேண்டிய ஐஸ் குளத்தில் உறைவதில்லை. ஹாக்கி பார்த்துப் பழகிய ஜனங்களும் அதிகம் இல்லை. ஒரு குடும்பத்தின் ஆஸ்தி முழுவதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்றால்?

தகப்பனார் துணிந்தார். இரண்டு ஊரிலும் அரங்கங்கள் எழுந்தன. வான்கூவர் அரங்கத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஊரில் பத்துப் பேருக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கு! விக்டோரியாவில் சுமார் 4,000 பேர். ஐஸ் உண்டாக்கிய விதத்தில் மந்திரம் ஒன்றுமில்லை. ஐஸ் ஃபாக்டரியில் நடக்கும் வேலைதான். அம்மோனியா யந்திரத்தால் உப்பு நீரைக் கடும் குளிராக்கி, தரைக்கு அடியில் வரிசை வரிசையாகப் பதித்த குழாய்களில் ஓட விடுவார்கள். மேலே தெளிக்கும் தண்ணீர் உறைந்து பாளமாகும். நியூயார்க் முதலிய அமெரிக்க நகரங்களில் இந்த ஏற்பாடு முன்பே உண்டு. குளிர் தேசமான கனடாவில் இதற்கு அவசியம் இருப்பதாக அதுவரை எவரும் நினைக்கவில்லை. 1911 டிசம்பரில் இரண்டு அரங்கங்களும் திறக்கப்பட்டன. வெளியே மழை தூற, உள்ளே ஜனங்கள் ஐஸில் சறுக்கினார்கள்.

1912 ஜனவரி 2-ந் தேதி விக்டோரியாவில் பசிபிக் கடற்கரை ஹாக்கி சங்கத்தின் முதல் பந்தயம் நடந்தது. வான்கூவர், விக்டோரியா, நியூ வெஸ்ட்மின்ஸ்டர் என்று மூன்றே கோஷ்டிகள். விக்டோரியாவுக்கு லெஸ்டரே முதலாளி, லெஸ்டரே மானேஜர், லெஸ்டரே ஆட்டக்காரர். அன்று அவர் கோஷ்டி தோற்றது. முதல் வருஷத்துக் கோப்பையும் நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்கே போயிற்று. ஆனாலும் சங்கம் நின்றுவிட்டது. கிழக்கிலிருந்து பிரபல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்தார்கள். டெய்லரும் வந்து சேர்ந்தார். கிழக்கத்திய முதலாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியில் சமாதானத்துக்கு இறங்கி வந்தார்கள். கிழக்கு லீகில் ஜயித்தவரும் மேற்கு லீகில் ஜயித்தவரும் வருஷந்தோறும் ஸ்டான்லி கோப்பைக்கு மோதுவது என்று ஏற்பாடாயிற்று. 1915-ல் வான்கூவர், ஆட்டவாவை மூன்று பந்தயங்களிலும் அடித்துக் கோப்பையைப் பசிபிக் கரைக்குக் கொண்டுவந்தது.

அரங்கத்தைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அந்தச் சகோதரர்கள் செய்தார்கள். ஆட்டத்தின் சட்டத்தையே மாற்றினார்கள். அதுவரை வட்டை முன்னால் இருக்கும் சகாவுக்குத் தள்ளிவிடக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் தள்ளலாம். நடுவர் நிமிஷத்துக்கு நிமிஷம் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டே இருப்பார். காசு கொடுத்து வந்தவன் விசில் கேட்கவா வந்தான்? ஐஸின் குறுக்கே இரண்டு நீலக் கோடுகளைப் போட்டு மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். நடுப் பகுதியில் முன்னால் தள்ளலாம் என்று விட்டார்கள். ஆட்டம் ஆறுபோல ஓட ஆரம்பித்தது. கோல் அடித்தவனுக்கு மட்டும் பெயர் என்பது போய், வட்டைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்கும் கணக்கில் பங்கு கிடைத்தது. கீழே தள்ளப்பட்டவனுக்குத் தனியாகக் கோல் அடிக்கும் தண்டனை அடி, பருவத்தின் முடிவில் முன்னணிக் கோஷ்டிகள் மறுபடி மோதும் தேர்வுப் பந்தயம், இவையெல்லாம் அங்கே பிறந்தவை. கோல்கீப்பர் நின்றபடியேதான் தடுக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டையும் தளர்த்தி, ஐஸில் விழுந்து தடுக்க அனுமதித்தார்கள். இந்தக் கடைசிச் சலுகை பின்னால் ஒருநாள் லெஸ்டருக்கே கைகொடுத்தது.

எல்லை தாண்டிய கோப்பை

1914-ல் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் கோஷ்டியை அமெரிக்க எல்லைக்கு அப்பால் போர்ட்லண்டுக்கு மாற்றினார்கள். மறு வருஷம் ஸியாட்டிலில் ஒரு புதுக் கோஷ்டி. கனடாக்காரர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். கனடாவின் சாம்பியனுக்கு என்று பிரபு கொடுத்த கோப்பைக்கு அமெரிக்க ஊர்க் கோஷ்டி ஆடலாமா? கோப்பையின் தர்மகர்த்தாக்கள் ஆடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 1916-ல் போர்ட்லண்ட், மாண்ட்ரீல் கனடியன்ஸிடம் ஐந்து பந்தயங்கள் மல்லுக்கட்டித் தோற்றது. 1917-ல் ஸியாட்டில் அதே கனடியன்ஸை மூன்றுக்கு ஒன்று என்று ஜயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. கடைசிப் பந்தயத்தில் 9-1! ஸ்டான்லி கோப்பை முதன்முதலாக அமெரிக்காவுக்குப் போனது அன்றுதான். அமெரிக்கக் கோஷ்டி என்று பெயர்தானே தவிர, ஆடினவர்கள் கனடாவிலிருந்து பிடித்து வந்தவர்கள் என்று தோற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு இன்றுவரை ஓயவில்லை.

லெஸ்டருக்கோ அந்த வருஷம் நல்லதாக இல்லை. யுத்தத்துக்காக விக்டோரியா அரங்கத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. அவர் தம் கோஷ்டியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊருக்குப் போனார். அந்த ஊர் ஜனங்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஒரே பருவத்தில் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. முதலாளியாக இருந்தவர் அடுத்த வருஷம் ஸியாட்டிலில் ஆட்டக்காரராக ஆடினார். போர்ட்லண்டும் 1918-ல் மறைந்தது. எங்கே வேண்டுமானாலும் கோஷ்டி வைக்கலாம் என்பவர்கள் ஸ்போகேனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; லெஸ்டர் சேர்த்துக்கொண்டார், தம் கைப்பணத்தை இழந்து.

1919-ல் அதைவிடப் பெரிய இடி. ஸியாட்டிலும் கனடியன்ஸும் கோப்பைக்காக ஸியாட்டிலில் ஆடிக்கொண்டிருந்தபோது, உலகத்தையே வாரிச் சுருட்டிய விஷ ஜுரம் ஆட்டக்காரர்களைப் பிடித்தது. இரு தரப்பும் இரண்டிரண்டு ஜயித்து, ஒன்று சமமாக முடிந்திருந்த நிலையில், முடிவான பந்தயத்தை ரத்துச் செய்தார்கள். கனடியன்ஸ் ஆட்டக்காரர் ஜோ ஹால் ஏப்ரல் 5-ந் தேதி ஆஸ்பத்திரியில் காலமானார். அந்த வருஷம் கோப்பையில் ஜயித்தவர் என்று எவருமில்லை.

யுத்தம் முடிந்து விக்டோரியா மறுபடி எழுந்தது. லெஸ்டர் சேர்த்த புது ஆட்டக்காரர்களில் ஃபிராங்க் ஃபிரெடரிக்ஸன் ஒருவர். 1920-ல் ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஐஸ் ஹாக்கி நடந்ததே, அதில் தங்கம் வென்ற கனடாக் கோஷ்டியின் காப்டன் அவர். இப்படிப் பொறுக்கிச் சேர்த்த கோஷ்டியோடு 1925 மார்ச்சில் லெஸ்டர் தம் வாழ்நாள் கனவை அடைந்தார். மாண்ட்ரீல் கனடியன்ஸ், மின்னல் வேக மாரென்ஸோடு விக்டோரியாவுக்கு வந்தது. லெஸ்டர் தந்திரம் செய்தார். களைத்தவர்களை அடிக்கடி வெளியே எடுத்து, புதியவர்களைக் கும்பலாக உள்ளே விட்டார். மாரென்ஸ் எவ்வளவு ஓடினாலும் எதிரே களைக்காத கால்கள்! மூன்றுக்கு ஒன்று என்று தொடர் முடிந்தது. நாலாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தை உடைய ஒரு தீவு ஊர், பெரிய நகரத்தின் கையிலிருந்து கோப்பையைப் பறித்துவிட்டது. தேசிய ஹாக்கி லீகுக்கு வெளியே இருந்த ஒரு கோஷ்டி ஸ்டான்லி கோப்பையை ஜயித்தது அதுவே கடைசி.

கடைசியானதற்குக் காரணம் பாட்ரிக்குகளேதான்.

விற்பனை

ஸியாட்டில் 1924-லேயே மறைந்திருந்தது. மிஞ்சிய வான்கூவரும் விக்டோரியாவும் சமவெளி ஊர்களின் லீகில் ஒண்டிக்கொண்டிருந்தன. கிழக்கே தேசிய லீகில் பாஸ்டன் 1924-ல் சேர்ந்தது. மறு வருஷம் நியூயார்க்கும் பிட்ஸ்பர்க்கும் சேர்ந்தன. நியூயார்க்கின் புது மாடிஸன் ஸ்குவேர் கார்டனில் பதினையாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். விக்டோரியாவிலோ நாலாயிரம். பதினையாயிரம் டிக்கெட் விற்பவன் கொடுக்கும் சம்பளத்தை நாலாயிரம் டிக்கெட் விற்பவன் கொடுக்க முடியுமா? இந்தக் கணக்கைப் போடச் சகோதரர்களுக்கு வாத்தியார் தேவையில்லை. 1911-ல் கிழக்குக்கு அவர்கள் போட்டுக் காட்டிய அதே கணக்கு, இப்போது திரும்பி வந்திருந்தது.

1926 வசந்தத்தில் விக்டோரியா மறுபடியும் கோப்பைக்கு மாண்ட்ரீல் போய் மரூன்ஸிடம் தோற்றது. அதன்பின் ஃபிராங்க் கிழக்கு முதலாளிகளோடு பேரம் பேசி, மேற்கு லீகின் ஆட்டக்காரர்களை மொத்தமாக விற்றார். விக்டோரியா ஆட்டக்காரர்களை 1,00,000 டாலருக்கு டெட்ராயிட் வாங்கிற்று. இன்றைய டெட்ராயிட் ரெட் விங்ஸின் தொடக்கம் அந்தக் கும்பல். மேற்கு லீகில் மறுபடி தலைகாட்டியிருந்த போர்ட்லண்டின் ஆட்டக்காரர்களைச் சிகாகோ வாங்கிற்று. எட்டி ஷோர் போன்ற சூரர்கள் பாஸ்டனுக்குப் போனார்கள். ஒரே வருஷத்தில் தேசிய லீகில் மூன்று புது அமெரிக்கக் கோஷ்டிகள் எழுந்தன. அவற்றின் ரத்தமும் சதையும் மேற்குக் கரை கொடுத்தவை.

இது வியாபாரமா, துரோகமா? மேற்குக் கரை அபிமானிகள் இன்றும் இரண்டும் சொல்கிறார்கள். முந்திய வருஷம்தான் உலகத்தை ஜயித்த கோஷ்டி, ஊரார் கண்ணெதிரில் ரயில் ஏறிப் போய்விட்டது. வான்கூவருக்குத் தேசிய லீகில் இடம் கிடைக்க 44 வருஷங்கள் ஆயின. விற்காமலே இருந்திருந்தாலும் அந்த லீக் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்கியிராது என்றே நமக்குத் தோன்றுகிறது. சம்பளம் கொடுக்க முடியாமல் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவி, கையில் காசும் இல்லாமல் போயிருக்கும். ஆனாலும் விக்டோரியாவின் சாதாரண ரசிகனுக்கு இந்தக் கணக்கு ஒரு ஆறுதலா?

நியூயார்க்கில் ஒரு இரவு

அதே 1926-ல் மாடிஸன் ஸ்குவேர் கார்டன் தன் சொந்தக் கோஷ்டியாக ரேஞ்சர்ஸை ஆரம்பித்தது. ஆட்டக்காரர்களைச் சேர்த்துக் கொடுத்தவர் டொராண்டோவைச் சேர்ந்த கான் ஸ்மைத். மேற்கிலிருந்து பில் குக், பன் குக் என்ற சகோதரர்களையும், ஃபிராங்க் பௌச்சரையும் பொறுக்கி எடுத்தவர் அவர்தான். பருவம் தொடங்குமுன் முதலாளிகளோடு மனஸ்தாபம் வந்து அவரை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு லெஸ்டர் வந்தார். சமைத்து வைத்த விருந்துக்கு வந்தவர் என்று ஸ்மைத்தின் பக்கத்தார் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. பரிமாறுவதும் ஒரு கலைதானே! முதல் வருஷமே ரேஞ்சர்ஸ் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. இரண்டாம் வருஷம் கோப்பைக்கு மரூன்ஸை எதிர்த்து நின்றது.

கார்டனில் அப்போது சர்க்கஸ் வந்திறங்கியிருந்தது. யானைக்கும் கோமாளிக்கும் இடம் கொடுத்துவிட்டு, ரேஞ்சர்ஸ் ஐந்து பந்தயங்களையும் எதிரியின் ஊரான மாண்ட்ரீலிலேயே ஆட வேண்டியதாயிற்று. முதல் பந்தயம் தோல்வி. 1928 ஏப்ரல் 7-ந் தேதி இரண்டாவது பந்தயம். இரண்டாம் பகுதியில், கோல் எதுவும் விழாத நிலையில், மரூன்ஸின் நெல்ஸ் ஸ்டூவர்ட் அடித்த வட்டு ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லார்ன் ஷாபோவின் கண்ணில் தாக்கியது. முகமூடி இல்லாத காலம். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாற்றுக் கோல்கீப்பர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போது இல்லை. ஆட்டவாவின் பெயர்பெற்ற கோல்கீப்பர் அலெக் கானெல் அன்று ரசிகராக வந்து ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை ஆட விடுங்கள் என்று லெஸ்டர் கேட்டார். மரூன்ஸ் மானேஜர் முடியாது என்றார். சிறிய லீகில் ஆடிக்கொண்டிருந்த இன்னொருவரைக் கேட்டார். அதற்கும் முடியாது என்றே பதில். சட்டப்படி அது எதிரியின் உரிமை. ஆட்டத்தைத் தொடர வேண்டும், இல்லையேல் விட்டுக்கொடுக்க வேண்டும். அறைக்குள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

நாற்பத்துநாலு வயது லெஸ்டர், ஷாபோவின் வியர்வை காயாத கவசங்களை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வெள்ளைத் தலையோடு, கால் மெலிந்த ஒரு மானேஜர் கோலுக்கு முன்னால் வந்து நின்றதைப் பார்த்து மாண்ட்ரீல் கூட்டம் முதலில் சிரித்திருக்கலாம். பிட்ஸ்பர்க் கோஷ்டியின் ஓடி கிளெக்கார்ன் அவருக்குப் பதிலாக வெளியே நின்று ஆட்டத்தை நடத்திக் கொடுத்தார். ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர்கள் வெறிகொண்டு தற்காத்தார்கள். எதிரியைக் கிட்டே நெருங்க விடாமல் தூரத்திலேயே மடக்கினார்கள். மீறி வந்த அடிகளை லெஸ்டர் முழங்காலில் விழுந்தும், படுத்தும், புரண்டும் தடுத்தார். விழுந்து தடுக்கலாம் என்ற சலுகை மட்டும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாம் பகுதி ஆரம்பித்தவுடன் பில் குக் ஒரு கோல் அடித்தார். முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது ஸ்டூவர்ட் ஒன்று அடித்துச் சமன் செய்தார். லெஸ்டரைத் தாண்டிப் போனது அந்த ஒன்றுதான். மற்றப் பதினெட்டு அடிகளையும் அவர் மறித்துவிட்டார். கூடுதல் நேரத்தில் ஏழு நிமிஷம் கழிந்ததும் பௌச்சர் கோல் போட, ரேஞ்சர்ஸ் 2-1 என்று ஜயித்தது. ஆட்டக்காரர்கள் கிழவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த பந்தயங்களுக்கு நியூயார்க்கின் மற்றொரு கோஷ்டியிலிருந்து ஜோ மில்லரைக் கோல்கீப்பராக எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ரேஞ்சர்ஸ் மூன்றுக்கு இரண்டு என்று தொடரை ஜயித்தது. பிறந்து இரண்டே வருஷமான கோஷ்டிக்கு ஸ்டான்லி கோப்பை!

1933-ல் மறுபடியும் கோப்பை, கான் ஸ்மைத் நடத்திய டொராண்டோவைத் தோற்கடித்து. 1934-ல் லெஸ்டரின் மூத்த மகன் லின் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். தகப்பன் மகனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார் என்று ஊர் பேசுமே என லெஸ்டருக்குப் பயம். பில் குக்கும் பௌச்சரும் பையனை எடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். பின்னால் இளையவர் மஸ் என்ற மர்ரேயும் வந்தார். அவர் குத்துச்சண்டைக்காரராகவும் இருந்தவர். 1940-ல் பௌச்சர் பயிற்சியாளர், லெஸ்டர் பொது மானேஜர், மகன்கள் இருவரும் ஆட்டக்காரர்கள். மறுபடி டொராண்டோ, மறுபடி கோப்பை. யுத்த காலத்தில் ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போய்விட, ரேஞ்சர்ஸ் சரிந்தது. 1943-44-ல் ஐம்பது பந்தயங்களில் ஆறே ஆறு வெற்றி. 1946-ல் லெஸ்டர் பொது மானேஜர் பதவியை விட்டார்.

திரும்பிப் போனது விக்டோரியாவுக்கு. அங்கே அவர் கட்டிய அரங்கம் 1929-லேயே தீயில் எரிந்துபோயிருந்தது. வான்கூவர் அரங்கம் 1936-ல் எரிந்தது. ஊரில் எழுந்த புதிய அரங்கத்தில், சின்ன லீக் ஒன்றில், பழைய கோஷ்டியின் அதே கூகர்ஸ் என்ற பெயரோடு சில வருஷங்கள் ஒரு கோஷ்டியை நடத்தினார். 1960 ஜூன் 1-ந் தேதி விக்டோரியாவில் காலமானார். நாலே வாரத்தில், ஜூன் 29-ந் தேதி, தம்பி ஃபிராங்கும் போய்விட்டார்.

1967-ல் தேசிய லீக் ஆறு கோஷ்டிகளிலிருந்து ஒரேயடியாகப் பன்னிரண்டானபோது, புதிதாக வந்த செயின்ட் லூயிஸ் கோஷ்டியை முதலில் நடத்தியவர் லின் பாட்ரிக். லின்னின் மகன் கிரெய்க், 1980-ல் ரஷ்யர்களை 4-3 என்று தோற்கடித்த அமெரிக்க ஒலிம்பிக் கோஷ்டிக்கு உதவிப் பயிற்சியாளர். ஆரம்பத்தில் சொன்ன இரண்டு சண்டைகளிலும் ஒரு பாட்ரிக் நிற்கிறார்!

வான்கூவருக்கு 1970-ல் லீகில் இடம் கிடைத்தது. 1972-ல் ரஷ்யர்களோடு நாலாவது பந்தயம் அங்கேதான் நடந்தது. கனடா 5-3 என்று தோற்க, சொந்த ஜனங்களே கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். 1940-க்குப் பிறகு 54 வருஷங்கள் கோப்பையைக் காணாத ரேஞ்சர்ஸ், 1994-ல் அதை மறுபடி எடுத்தது. கடைசிப் பந்தயத்தில் 3-2 என்று தோற்றுப் போன கோஷ்டி வான்கூவர்.

2024-ம் வருஷத்து ஜனவரி முதல் தேதி, ஸியாட்டிலின் பேஸ்பால் மைதானத்தில், திறந்த வானத்தின் கீழ் குழாய் ஐஸ் போட்டு ஒரு பந்தயம் ஆடினார்கள். ஸியாட்டில் ஆட்டக்காரர்கள் அன்று 1917-ல் கோப்பையை ஜயித்த பழைய கோஷ்டியின் உடையை நினைவூட்டும் சட்டைகளை அணிந்திருந்தார்கள். எதிரே ஆடியது பாலைவனத்து லாஸ் வேகாஸ். ஸியாட்டில் 3-0 என்று ஜயித்தது.